சிம்னிக்கு கரண்ட் பாயிண்ட் எங்கே வைப்பது?

சிம்னி வாங்குகிறவர்கள் புகைக்குழாய் எந்தச் சுவர் வழியாக வெளியே போகும் என்று மட்டும்தான் யோசிக்கிறோம், கரண்ட் பாயிண்ட் நினைவுக்கு வரும்போது டைல்ஸ் ஒட்டி முடிந்திருக்கும். எங்கள் வீட்டிலும் அதே கதைதான். மேடையில் மிக்சிக்கு இருந்த பாயிண்டில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சொருகி, ஒயரை அடுப்புக்கு மேலாக இழுத்து ஓட்டினோம். ஆறே மாதத்தில் ஒயர் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

சிம்னி அப்படியொன்றும் கரண்டை இழுக்காது. 200 வாட் மோட்டார் என்றால் 230 வோல்ட்டில் ஒரு ஆம்பியர்கூட வராது. சாதாரண 6 ஆம்பியர் மூன்று பின் பாயிண்டும் 1.5 சதுர மி.மீ. காப்பர் ஒயரும் தாராளம். இருந்தாலும் லேபிளில் என்ன வாட் போட்டிருக்கிறது, பிளக் எந்த அளவு என்று பார்த்துவிட்டே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

இடம்தான் முக்கியம். பர்னருக்கும் சிம்னியின் அடிப்பகுதிக்கும் நடுவில் வழக்கமாக 65 முதல் 75 செ.மீ. இடைவெளி விடுவார்கள், சரியான அளவு மேனுவலில் இருக்கும். அதை முதலில் சுவரில் பென்சிலால் குறித்துவிட்டு, அதற்கு மேலே, நடுவில் வரும் குழாய்க் கவரில் இடிக்காமல் ஒரு அடி தள்ளி பிளக் பாயிண்ட் வையுங்கள். தரையிலிருந்து ஏறக்குறைய ஏழு அடி வரும். அவ்வளவு உயரத்தில் ஸ்விட்சையும் வைத்தால் ஸ்டூல் போட்டு ஏற வேண்டும், அதனால் ஸ்விட்ச் மட்டும் கீழே போர்டில், அடுப்புக்கு நேராக இல்லாமல் பக்கவாட்டில், கைக்கு எட்டுகிற மாதிரி இருக்கட்டும். ஃபில்டரைக் கழற்றிக் கழுவும்போதெல்லாம் அந்த ஸ்விட்ச் தேவைப்படும்.

அப்புறம் எர்த். பழைய வீடுகளில் மூன்று ஓட்டை இருக்கும், மேல் ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இருக்காது! சிம்னியின் உடம்பு தகரம், ஈரக் கையோடு தொடுகிறோம். எலக்ட்ரீஷியனிடம் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் எரிகிற அதே வெளிச்சத்தில் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவிலும் எரிய வேண்டும். மங்கலாக எரிந்தால் எர்த் சரியில்லை. ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாகவே சப்ளையைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) உள்ள வீட்டில் லாம்பை எர்த்தில் வைத்ததுமே அது டிரிப் ஆகிவிடும், பயப்பட வேண்டாம், அதன் வேலையே அதுதான்.

மாட்டி முடித்து ஓடவிட்ட பிறகு சிம்னியின் உடம்பில் டெஸ்டரை வையுங்கள். லேசாக மினுக்கினாலும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு எலக்ட்ரீஷியனைத் திரும்பக் கூப்பிடுங்கள், அன்றைக்கு ஜன்னலைத் திறந்து வைத்துச் சமைத்துக்கொள்ளலாம்.