பரணில் அல்வா, சீட்டில் கணக்கு

வாய்ப்பாடு என்றாலே முகம் சுளிக்கும் பிள்ளைக்கு ஒரு ரகசிய மொழி சொல்லிக் கொடுங்கள். 18 மெய்யெழுத்துக்கும் வரிசையாக எண்: க 1, ங 2, ச 3 என்று ன 18 வரை. நோட்டில் அவர்களே எழுதிக்கொள்ளட்டும்.

நெல்லை டவுனில் வாங்கிய அல்வாவை ஒளித்து வைத்துவிட்டு, துண்டுச் சீட்டில் 27÷3, 4×3, 15−9 என்று எழுதி மகளிடம் நீட்டினேன். கடைசிக் கணக்கின் தலையில் மட்டும் ஒரு புள்ளி. 9, 12, 6. ப, ர, ண். "பரண்!" என்று கத்திக்கொண்டே ஸ்டூலைத் தேடி ஓடினாள்.

விடை தப்பினால் வார்த்தை வராது. நாம் திருத்தவே வேண்டாம், பிள்ளையே திரும்பப் போட்டுப் பார்க்கும். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். அப்புறம், கால், கொம்பு வரும் எழுத்தென்றால் எண்ணுக்குப் பக்கத்தில் அதையும் போட்டுவிடுங்கள். ரெண்டு நாள் கழித்துச் சீட்டு எழுதும் வேலையை அவர்களிடமே கொடுங்கள்.