குரூஸ் கப்பலில் ஏறும்போதும் இறங்கும்போதும் தாமதம்: பலரும் செய்யும் தவறுகள்

கப்பல் ஏறும் நாள் காலையில் செல்பேசியில் ஒரு செய்தி வருகிறது: கப்பல் துறைமுகத்துக்கு வந்து சேரத் தாமதமாகிறது, பயணிகளை ஏற்றுவது 11 மணிக்குப் பதிலாக 2 மணிக்குத்தான் தொடங்கும். உடனே மனம் ஒரு கணக்குப் போடும். ஏற்றுவது 3 மணி நேரம் தள்ளிப்போனால் புறப்படுவதும் 3 மணி நேரம் தள்ளிப்போகும், நாமும் சாவகாசமாகப் போய்ச் சேரலாம். குரூஸ் என்னும் கப்பல் சுற்றுலாப் பயணத்தில் இதைவிட ஆபத்தான கணக்கு கிடையாது.

காலையில் தாமதமாக வந்த கப்பல், மாலையில் முடிந்தவரை சொன்ன நேரத்துக்கே கிளம்பத்தான் பார்க்கும். அடுத்த துறைமுகத்தில் அது நிற்க வேண்டிய இடமும் நேரமும் முன்பே ஒதுக்கப்பட்டவை. இங்கே தாமதித்துவிட்டுக் கடலில் வேகம் கூட்டினால் எரிபொருள் செலவு எகிறும். அதனால் ஏறுவதற்கான அவகாசம் சுருங்குமே தவிர, அப்படியே தள்ளிப்போகாது. கப்பலின் தாமதம் வேறு, உங்கள் தாமதம் வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதிலிருந்துதான் மற்ற தவறுகளில் பாதி முளைக்கின்றன.

முதலில், கப்பல் ஏன் தாமதமாகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஒரே நாளில் பழைய பயணிகள் எல்லோரும் இறங்கி, கேபின்கள் சுத்தமாகி, உணவுப் பொருளும் எரிபொருளும் ஏறி, புதியவர்கள் ஏற வேண்டும். 2024-ல் ஓடத் தொடங்கிய 'ஐகான் ஆஃப் தி சீஸ்' போன்ற ஒரு கப்பலில் அதிகபட்சம் 7,600 பயணிகள் வரை இருக்கலாம். அத்தனை பேரும் அவர்களின் பெட்டிகளும் இறங்கி, அதே அளவு மறுபடி ஏறுவதைக் கற்பனை செய்து பாருங்கள். அமெரிக்கத் துறைமுகங்களில் இன்னொரு விஷயமும் உண்டு. கப்பலில் இருக்கும் பயணிகளின் எண்ணிக்கை பூஜ்யம் என்று உறுதியான பிறகே புதியவர்களை ஏற்ற முடியும். அடுத்த பயணத்திலும் தொடர்கிறவர்கள்கூட இந்தக் கணக்குக்குத் தப்ப முடியாது. யாரோ ஒருவர் கேபினிலேயே அசந்து தூங்கிவிட்டால், கீழே ஆயிரக்கணக்கானவர்கள் காத்திருக்க வேண்டியதுதான்.

வானிலை அடுத்த காரணம். டெக்சஸின் கால்வெஸ்டன், ஃபுளோரிடாவின் டாம்பா போன்ற துறைமுகங்களில் குளிர்காலத்தில் கடல்மேல் மூடுபனி இறங்கும். நுழைவுக் கால்வாயில் எதுவும் தெரியாதபோது, துறைமுகத்துக்குள் கப்பலை வழிநடத்திக் கொண்டுவரும் பைலட்கள் வேலையை நிறுத்திவைப்பார்கள். பனி விலகும்வரை கப்பல் வெளிக்கடலில் நிற்கும். முந்தைய பயணத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு உண்டாக்கும் நோரோவைரஸ் பரவியிருந்தால் கப்பல் முழுவதையும் கிருமி நீக்கம் செய்ய வேண்டியிருக்கும், அதிலும் சில மணி நேரம் போகும். இதில் எதற்கும் கவுன்டரில் இருக்கும் பெண்ணிடம் கத்திப் பயனில்லை.

சரி, செய்தி வந்துவிட்டது. இப்போது பலர் செய்வது, "எதற்கும் போய் முதல் ஆளாக நிற்போம்" என்று பெட்டிகளோடு டெர்மினலுக்குக் கிளம்புவது. அங்கே நாற்காலிகள் குறைவு, சாப்பிட எதுவும் கிடைப்பது நிச்சயமில்லை. ஏறும் நேரம் ஒவ்வொருவருக்கும் தனியாகத் தரப்பட்டிருப்பதால், முன்னால் போய் நிற்பதில் லாபமும் இல்லை. ஹோட்டலில் அறையைக் காலி செய்யும் நேரத்தை நீட்டிக்கக் கேளுங்கள். தரவில்லையென்றால் பெட்டிகளையாவது வரவேற்பறையில் வைத்துக்கொள்வார்கள். புதிய நேரத்துக்குப் போனால் போதும், ஆனால் அந்த நேரத்துக்குப் போய்விட வேண்டும்.

ஏனென்றால் வாசல் மூடும் நேரம் என்று ஒன்று இருக்கிறது. பெரும்பாலான நிறுவனங்கள் கப்பல் புறப்பட 60 முதல் 90 நிமிடம் முன்பே பதிவை முடித்துவிடும். பிடிவாதம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவிலிருந்து கிளம்பும் கப்பல், தன்னிடம் இருக்கும் பயணிகளின் பட்டியலைப் புறப்படுவதற்குக் குறைந்தது 60 நிமிடம் முன்பாக எல்லைப் பாதுகாப்புத் துறைக்கு மின்னணு முறையில் அனுப்பியாக வேண்டும். பட்டியல் போன பிறகு ஓடி வருகிறவருக்குக் கப்பல் கண்ணெதிரே நிற்கும், ஆனால் ஏற முடியாது.

"அடுத்த துறைமுகத்தில் ஏறிக்கொள்ளலாம்" என்பது அடுத்த தப்புக் கணக்கு. சில நேரம் முடியும். பல நேரம் விசா குறுக்கே நிற்கும். அமெரிக்காவில் 1886-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, வெளிநாட்டுக் கொடியோடு ஓடும் கப்பல் பயணிகளை ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றி இன்னொரு அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்குவதைக் கட்டுப்படுத்துகிறது. பெரிய குரூஸ் கப்பல்களில் பெரும்பாலானவை பஹாமாஸ், பனாமா, மால்டா கொடிகளோடுதான் ஓடுகின்றன. ஆக, இடையில் ஓர் இடத்தில் ஏறினால் உங்கள் பயணம் அந்தச் சட்டத்துக்குள் மாட்டிக்கொள்ளலாம். கப்பல் நிறுவனத்தைக் கேட்காமல் அடுத்த ஊருக்கு விமான டிக்கெட் வாங்கிவிடாதீர்கள்.

இப்படி ஓட வேண்டிய நிலை பெரும்பாலும் எங்கே தொடங்குகிறது? கப்பல் ஏறும் அதே நாளில் வந்து இறங்கும் விமானத்தில். முதல் நாளே அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடுங்கள். ஒரு ராத்திரி ஹோட்டல் வாடகையை வீண் செலவு என்று பார்க்கிறவர்கள், கப்பலைத் தவறவிட்டால் என்ன செலவாகும் என்று ஒருமுறை எழுதிப் பார்க்கலாம். அப்புறம், டிக்கெட்டில் போட்டிருக்கும் ஊர்ப்பெயரை நம்பாதீர்கள். 'ரோம்' என்றால் கப்பல் நிற்பது சிவிடாவெக்கியாவில், நகரத்திலிருந்து 70 கிலோமீட்டருக்கும் மேல். 'லண்டன்' என்று போட்டுவிட்டு சவுத்தாம்ப்டனில் நிற்கும் கப்பல்கள் உண்டு, சாலை வழியாக 100 கிலோமீட்டரைத் தாண்டும். 'பாரிஸ்' என்றால் லே ஹாவ்ர், கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர். துறைமுகத்துக்கே வந்துவிட்டாலும் எந்த டெர்மினல் என்று பார்க்க வேண்டும். சவுத்தாம்ப்டனில் மட்டும் குரூஸ் டெர்மினல்கள் ஐந்து.

பெட்டிகளைத் துறைமுகத்தில் கொடுத்துவிட்டால் அவை கேபினுக்கு வந்து சேர மாலை ஆகலாம். தாமதமான நாளில் ராத்திரி சாப்பாடு முடிந்த பிறகும் வரலாம். மருந்து, பாஸ்போர்ட், சார்ஜர், குழந்தைக்கு வேண்டியவை, ஒரு மாற்றுடை எல்லாம் கைப்பையில்.

ஏறிய களைப்பில் பாதுகாப்புப் பயிற்சியைத் தட்டிக்கழிப்பதும் ஒரு தவறு. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியக் கரையருகே 'கோஸ்டா கான்கார்டியா' பாறையில் மோதிச் சாய்ந்தது, 32 பேர் இறந்தார்கள். அன்று சிவிடாவெக்கியாவில் ஏறிய பல நூறு பேருக்கு அதுவரை பயிற்சியே நடக்கவில்லை. ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதுதான் அப்போதைய விதி. 2015 முதல், புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்தியாக வேண்டும் என்று சர்வதேச விதியை மாற்றினார்கள். வராதவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், தேடுவார்கள். அந்த நேரத்தில் நீங்கள் குளத்தில் மிதந்துகொண்டிருந்தால், தாமதத்துக்கு இன்னொரு காரணம் நீங்கள்தான்.

வழியில் ஒரு துறைமுகத்தில் இறங்கிச் சுற்றிவிட்டுத் திரும்பும்போது நடக்கும் கதை வேறு. இங்கே கப்பல் சரியாகத்தான் இருக்கும், தப்பாவது கடிகாரம். பல கப்பல்கள் கிளம்பிய ஊரின் நேரத்தையே பயணம் முழுக்க வைத்துக்கொள்ளும். செல்பேசியோ கரையில் கால் வைத்ததும் உள்ளூர் நேரத்துக்குத் தானாக மாறிவிடும். மெக்சிகோவின் கோசுமெல் தீவு இதற்கு நல்ல உதாரணம். தீவு இருக்கும் மாநிலம் 2015 முதல் ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தை வைத்திருக்கிறது, கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. கோடையில் மயாமியிலிருந்து வரும் கப்பல் மயாமி நேரத்திலேயே ஓடினால், கப்பலில் மாலை 4 ஆகும்போது தீவில் 3 தான். செல்பேசியைப் பார்த்து 4 மணிக்கு வந்து நிற்கிறவர், கப்பலின் கணக்கில் ஒரு மணி நேரம் லேட். விலை குறைந்த சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொள்வதைவிட நல்ல வழி இதற்கு நான் பார்த்ததில்லை.

கப்பல் காத்திருக்காதா என்று கேட்கலாம். கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் போனவர்களுக்குக் காத்திருக்கும், முடியாவிட்டால் அவர்களை அடுத்த ஊரில் கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பை ஏற்கும். தனியாக வண்டி பிடித்துப் போனவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. 2024 மார்ச்சில் ஆப்பிரிக்காவின் சாவ் டோமே தீவில் 8 பயணிகள் தனியார் சுற்றுலாவிலிருந்து தாமதமாகத் திரும்பினார்கள். கப்பல் இன்னும் நங்கூரமிட்டு நின்றது. கடலோரக் காவல்படையின் படகில் அதன் அருகேகூடப் போனார்கள், ஏற்றிக்கொள்ளவில்லை. பல நாடுகளைக் கடந்து காம்பியாவில் பிடித்துவிடலாம் என்று போனார்கள். அங்கே நீர்மட்டம் சாதகமாக இல்லாததால் கப்பல் கரையணையவில்லை. கடைசியில் செனகலில்தான் ஏற முடிந்தது. தனியாகப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. திரும்பி வரும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே துறைமுகத்தில் இருக்கும்படி திட்டமிடுங்கள். பாஸ்போர்ட்டின் நகல், ஒரு வங்கி அட்டை, அன்றைய நிகழ்ச்சித் தாளில் அச்சாகியிருக்கும் துறைமுக ஏஜென்ட்டின் (அந்த ஊரில் கப்பல் நிறுவனத்தின் சார்பில் இருப்பவர்) தொலைபேசி எண் மூன்றும் பையில் இருக்கட்டும். கப்பலைத் தவறவிட்டு நீங்கள் கரையில் தங்கிவிட்டால் முதலில் கூப்பிட வேண்டியது அந்த ஏஜென்ட்டைத்தான்.

கடைசி நாள் காலைக்கு வருவோம். அட்டவணையில் 'வருகை காலை 7 மணி' என்று இருப்பது கப்பல் கரையைத் தொடும் நேரம், நீங்கள் டாக்சியில் உட்காரும் நேரமல்ல. அதற்குப் பிறகு அதிகாரிகள் அனுமதி தர வேண்டும், பெட்டிகள் இறங்க வேண்டும், இமிகிரேஷன், சுங்கம் எல்லாம் முடிய வேண்டும். காலை 10 மணி விமானத்துக்கு டிக்கெட் போடுகிறவர் சூதாடுகிறார். நண்பகலுக்குப் பிறகு என்று வைத்துக்கொள்ளுங்கள், மூடுபனிக் காலத்தில் மறுநாள் விமானத்துக்குப் போட்டால்கூட மிகையில்லை.

முந்தின நாள் ராத்திரி கேபின் வாசலில் வைக்கும் பெட்டிகள் வண்ண டேக் வரிசைப்படி இறங்கும். சீக்கிரம் போக வேண்டியவர்கள் பெட்டியை வெளியே வைக்காமல், எல்லாவற்றையும் தாங்களே தூக்கிக்கொண்டு முதலில் இறங்கலாம், அதற்கு முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டியிருக்கலாம். வெளியே வைக்கிறவர்களோ, காலையில் போட்டுக்கொள்ள வேண்டிய செருப்பையும் சட்டையையும் சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். சிரிக்காதீர்கள், இரவு உடையோடு இறங்குகிறவர்கள் நிஜமாகவே உண்டு. கப்பலில் செலவழித்த கணக்கில் ஏதாவது தப்பு இருந்தால் முந்தின ராத்திரியே வரவேற்பு மேசைக்குப் போய்ச் சரிசெய்துவிடுங்கள், காலையில் அங்கே வரிசை தளத்தையே சுற்றும். உங்கள் டேக்கைக் கூப்பிடுமுன் படிக்கட்டில் பெட்டியோடு போய் நிற்பதால் யாரும் சீக்கிரம் இறங்கியதில்லை, பின்னால் வருகிறவர்களின் வழிதான் அடைபடும்.

பணம் திரும்பக் கிடைக்குமா? இங்கே எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். நேரத்தையும் வழித்தடத்தையும் மாற்றும் உரிமையைக் கப்பல் நிறுவனங்கள் பயண ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்திருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் கடல்வழிப் பயணிகளுக்கென்று 2010-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை ஒன்று உண்டு. புறப்பாடு 90 நிமிடத்துக்கு மேல் தாமதமானால் காத்திருக்கும் நேரத்துக்கேற்பச் சிற்றுண்டியோ உணவோ தர வேண்டும் என்கிறது. ஆனால் தாமதத்துக்காக டிக்கெட் விலையில் ஒரு பங்கைத் திருப்பித் தரும் பகுதி, ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகும் ஃபெர்ரி போன்ற படகுகளின் பயணிகளுக்குத்தான், குரூஸ் பயணிகளுக்குப் பொருந்தாது. மீதிக்கு இருப்பது பயணக் காப்பீடு. அதிலும் எத்தனை மணி நேரத் தாமதத்துக்குப் பிறகு பணம் தருவார்கள், தவறிப்போன விமானத்துக்குத் தருவார்களா என்பதை வாங்கும்போதே படித்துவிட வேண்டும். உரிமை கோரும்போது ஆதாரம் கேட்பார்கள். ஆகவே கப்பலின் வரவேற்பு மேசையில் 'இத்தனை மணி நேரம், இந்தக் காரணத்தால் தாமதம்' என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பாடு, டாக்சி, ஹோட்டல் ரசீதுகளையும் தூக்கிப் போடாதீர்கள்.

கப்பல் இணைய வசதியைக் கடைசி நாளுக்கும் சேர்த்தே வாங்குங்கள். வெளிக்கடலில் கப்பல் நிற்கும்போது செல்பேசிக்குச் சிக்னல் இருக்காது, விமானத்தை மாற்ற வேண்டியவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். தாமத அறிவிப்பு ஒலிபெருக்கியில் முடிவதற்குள் விமான நிறுவனத்தின் செயலியைத் திறப்பவருக்கே அன்று பிற்பகல் இருக்கை கிடைக்கும்.