உறை ஊற்றுவதற்கு முன்னால்

சேரன்மகாதேவிக்கு மேற்கே, கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் பாயும் ஊர் எங்களுடையது. முப்பது வருடமாக மாடு வைத்திருக்கிறேன். காலையில் சொசைட்டிக்கு ஊற்றியது போக ஒரு லிட்டர் வீட்டுக்கு. அதில்தான் காப்பியும் தயிரும்.

நான்கு வருடத்துக்கு முன்னால் எங்கள் சிவப்பு மாடு ஏழாம் மாதத்தில் கன்று வீசியது. இளங்கொடி (நஞ்சுக்கொடி) விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது. எங்க வீட்டுக்காரர் வெறும் கையால் அதை எடுத்துப் போட்டார். அப்புறம் மாட்டுக்குப் பால் இறங்கியது. கறந்த சூட்டோடு ஒரு தம்ளர் பச்சைப் பால் குடிப்பது அவருக்குச் சின்ன வயதுப் பழக்கம், அதையும் விடவில்லை. மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல் ஆரம்பித்தது. காலையில் நன்றாக இருப்பார், பொழுது சாய்ந்தால் காய்ச்சல், ராத்திரி பாய் நனையும் அளவுக்கு வேர்வை, இடுப்பிலும் மூட்டிலும் வலி. டைபாய்டு என்று மருந்து கொடுத்தார்கள், கேட்கவில்லை. ஒன்றரை மாதம் கழித்துப் பார்த்த வேறொரு டாக்டர்தான், "வீட்டுல மாடு இருக்கா? கன்னு வீசிச்சா?" என்று கேட்டார். ரத்தத்தைச் சோதித்ததில் புரூசெல்லா என்று வந்தது. கன்று வீசிய மாட்டிடமிருந்தும் அதன் பச்சைப் பாலிலிருந்தும் மனிதருக்குத் தொற்றும் கிருமி அது.

அன்றைக்கு என் மருமகளுக்கு நாலாம் மாதம். ஆஸ்பத்திரி வாசலிலேயே என்னிடம் கேட்டாள்: "அத்தை, அந்த மாட்டுப் பாலுலதான தயிர் போட்டோம், நான் தினமும் சாப்பிட்டேனே?" எனக்குக் கை கால் ஓடவில்லை. டாக்டரிடம் திரும்பிப் போய்க் கேட்டேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "உறை ஊத்துறதுக்கு முன்னால பால நல்லாக் காய்ச்சினீங்களா?" காய்ச்சியிருந்தேன். மருமகளுக்கு ஒன்றும் இல்லை. பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

தயிர் புளித்தால் கெட்ட கிருமி எல்லாம் செத்துவிடும் என்றுதான் அதுவரை நானும் நினைத்திருந்தேன். அது பாதிதான் சரி. தயிரில் இருக்கும் லாக்டோபேசிலஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் போன்ற நல்ல பாக்டீரியாக்கள் பாலின் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தை விடுகின்றன. அந்தப் புளிப்பில் பல கெட்ட கிருமிகள் பெருக முடியாது. ஆனால் ஏற்கெனவே பாலுக்குள் இருக்கும் புரூசெல்லாவோ மாட்டுக் காசநோய்க் கிருமியோ புளிப்பு ஏறியதும் உடனே செத்துவிடாது, சில நாள் தாக்குப்பிடிக்கும். அவற்றைக் கொல்வது அடுப்பு. பால் பண்ணையில் 72 டிகிரி சூட்டில் 15 விநாடி வைத்தாலே இந்த இரண்டும் போய்விடும். நம் வீட்டில் பொங்க விட்டுக் காய்ச்சுவது அதைவிட அதிகம். அந்தக் காலத்தில் மால்டா தீவில் இருந்த ஆங்கிலேயச் சிப்பாய்களுக்கு இதே புரூசெல்லாக் காய்ச்சல் வந்துகொண்டிருந்தது. 1887-இல் டேவிட் புரூஸ் என்ற ராணுவ டாக்டர் கிருமியைக் கண்டுபிடித்தார். அது ஆட்டுப் பாலில் வருகிறது என்று தெரிய 1905 ஆகிவிட்டது. மறு வருடம் சிப்பாய்களுக்கு அந்தப் பாலை நிறுத்தியதும் காய்ச்சல் மளமளவென்று குறைந்தது.

சரி, இனி செய்முறை. பால் பொங்கி வந்ததும் அடுப்பை அணைத்துவிடாதீர்கள். தீயைக் குறைத்து, கரண்டியால் அடிவரை கிளறி, இன்னும் இரண்டு மூன்று நிமிடம் கொதிக்க விடுங்கள். மேலே நுரை பொங்கும்போது பால் முழுக்க ஒரே சூட்டுக்கு வந்திருக்காது. பிறகு மூடியை லேசாகத் திறந்து வைத்து ஆற விடுங்கள். வெதுவெதுப்பு வந்துவிட்டதா என்று பார்க்க விரலை விட வேண்டாம். என் மாமியார் விட்டார்கள், நானும் இருபது வருடம் விட்டேன். கழுவிய கரண்டியால் ஒரு சொட்டு மணிக்கட்டில் விட்டால் போதும், சுடாமல் இதமாக இருந்தால் சரியான பதம். அது 40 முதல் 45 டிகிரிக்குள் இருக்கும்.

விரலைப் பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நம் தோலிலும் மூக்கிலும் புண்ணிலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற கிருமி இருக்கிறது. காய்ச்சிய பாலில் அது விழுந்து, உறை ஏறுவதற்குள் பெருகினால் ஒரு நஞ்சைக் கக்கும். கிருமியைக் கொதிக்க வைத்துக் கொல்லலாம், அந்த நஞ்சு கொதித்தாலும் போகாது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி பிடுங்கி எடுக்கும். கையில் வெட்டுக்காயமோ கொப்புளமோ இருக்கும் நாளில் உறை ஊற்றும் வேலையை வேறு யாரிடமாவது கொடுங்கள்.

உறை மோர் முந்தின நாளுடையதாக இருக்கட்டும். லிட்டருக்கு ஒரு ஸ்பூன், மார்கழியில் இரண்டு. தயிர்ச்சட்டியைத் திறந்ததும் முதல் ஸ்பூனை உறைக்கென்று தனிக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டு, அப்புறம் சாப்பாட்டுக்கு எடுங்கள். நாலு பேர் சோற்றுக்கரண்டி போட்டுக் கலக்கிய அடித் தயிரில் உறை எடுப்பதை நான் விட்டுவிட்டேன். உறை வேகமாக ஏறுவதுதான் காவல். மெதுவாக ஏறும் பாலில் கெட்டதற்கு நேரம் கிடைத்துவிடும். மிளகாய்க் காம்பு போட்டு உறைய வைக்கும் வித்தை எனக்கும் தெரியும். அதில் எந்தக் கிருமி முந்தும் என்று சொல்ல முடியாது. வயிற்றில் பிள்ளை இருக்கும் வீட்டில் அதைச் செய்ய மாட்டேன்.

நல்ல உறை போட்டும் பால் உறையவில்லையா? மாட்டைக் கேளுங்கள். மடிநோய்க்கு ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டிருந்தால், பாலில் இறங்கும் அந்த மருந்து தயிர்ப் பாக்டீரியாவையும் கொன்றுவிடும். எத்தனை நாள் பாலைத் தவிர்க்க வேண்டும் என்று மருந்துச் சீட்டில் இருக்கும். அத்தனை நாளும் வீட்டுக்கும் சொசைட்டிக்கும் அந்தப் பால் வேண்டாம். புளிக்கக்கூடாதென்று சோடா உப்பு கலந்த பாலும் இப்படித்தான் உறையாமல் இழுக்கும்.

உறைந்ததும் ஃபிரிட்ஜில் வையுங்கள். ஆனால் குளிர் எல்லாக் கிருமியையும் அடக்காது. லிஸ்டீரியா என்று ஒன்று, ஃபிரிட்ஜுக்குள்ளேயே மெதுவாக வளரும். 1985-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் மென்மையான பாலாடைக்கட்டி சாப்பிட்டு 142 பேருக்கு அது வந்தது. அதில் 93 பேர் கர்ப்பிணிகளும் பச்சைக் குழந்தைகளும். கருவில் இருந்தவற்றையும் சேர்த்து 48 உயிர் போயிற்று. நன்றாகப் புளித்த தயிரில் லிஸ்டீரியா வளர முடியாது. புளிப்பில்லாத, ஈரமான பனீரிலும் மென்மையான சீஸிலும்தான் அதிக ஆபத்து. ஆகவே கர்ப்பிணிக்குப் பனீரைச் சமைத்துக் கொடுங்கள், வெறுமனே கொடுக்காதீர்கள். தயிரின் மேல் கறுப்போ இளஞ்சிவப்போ படர்ந்தால், அந்த இடத்தை வழித்துவிட்டுச் சாப்பிட வேண்டாம். சட்டியோடு கொட்டுங்கள்.

நல்ல பாக்டீரியாவே நோய் தருமா என்று மருமகள் கேட்டாள். மிக மிக அரிதாகத் தரும். இதய வால்வு பழுதானவர்கள், உடம்பின் எதிர்ப்பு சக்தி அடியோடு குறைந்தவர்கள் சிலருக்கு லாக்டோபேசிலஸ் ரத்தத்தில் ஏறியிருக்கிறது. அதற்காக எல்லாரும் தயிரை விட வேண்டியதில்லை. புற்றுநோய் மருந்து எடுப்பவர்களும் உறுப்பு மாற்றியவர்களும் தயிரைப் பற்றியும், கடையில் விற்கும் புரோபயாட்டிக் மாத்திரையைப் பற்றியும் தங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

எங்க வீட்டுக்காரருக்கு டாக்சிசைக்ளினும் ரிஃபாம்பிசினும் ஆறு வாரம். சிறுநீர் செங்காவியாகப் போனதைப் பார்த்துப் பயந்துவிட்டார், அது ரிஃபாம்பிசினின் நிறம்தான். டாக்சிசைக்ளின் போன்ற மாத்திரையைப் பால், தயிரோடு சேர்த்து விழுங்கினால் சுண்ணாம்புச் சத்து மருந்தைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு மணி நேரம் இடைவெளி விடச் சொன்னார்கள். ராத்திரி மோர்ச்சோறு இல்லாமல் தூங்காத மனுஷர், ஏழு மணிக்கே சாப்பிட்டுவிட்டு மாத்திரைக்குக் காத்திருப்பார். ஆறு வாரத்தில் ஒரு வேளை தப்பவில்லை. பாதியில் விட்டால் இந்த நோய் திரும்பி வரும்.

மாட்டுக்காரர்களுக்கு: கிடாரிக் கன்றுக்கு நாலு மாதத்திலிருந்து எட்டு மாதத்துக்குள் புரூசெல்லா தடுப்பூசி உண்டு. 2019-இலிருந்து மத்திய அரசுத் திட்டத்தில் போடுகிறார்கள். கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். மாடு கன்று வீசினால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். இளங்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவது நம் வழக்கம். கன்று வீசிய மாட்டுடையதை மட்டும் அப்படிக் கட்ட வேண்டாம். நாய் இழுக்காத ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். மாட்டின் ரத்தத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

கோயில் கொடையில் அபிஷேகப் பால் கொடுப்பார்கள். அது பெரும்பாலும் பச்சைப் பால். மரியாதையாக வாங்கி, வீட்டில் காய்ச்சிப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். சித்திரை வெயிலில் நீர்மோர்ப் பந்தல் வைப்பவர்கள் மோரைவிடத் தண்ணீரையும் ஐஸையும் கவனிக்க வேண்டும். மீன் போடும் ஐஸ் குடிப்பதற்கு ஆகாது. கொதித்து ஆறிய தண்ணீரும் மண்பானையும் இருந்தால் ஐஸே தேவைப்படாது.

ஆடி அமாவாசைக்குக் காரையாற்றில் இருக்கும் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் கட்டிக்கொண்டு போகும் தயிர்ச்சோற்றுக்கு, அன்று காலை வடித்த சோற்றை மட்டும் எடுக்கிறேன். வெந்த சோற்றிலும் சாகாத ஒரு கிருமிவித்து உண்டு, ராத்திரி முழுக்க வெளியே இருந்த சோற்றில் அது முளைத்துவிடும். சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி ஆற விட்டு, காய்ச்சிய பாலும் ஒரு கரண்டி தயிரும் விட்டுப் பிசைந்து தூக்குச்சட்டியில் அடைப்பேன். காரையாறு போய்ச் சேர்வதற்குள் பால் உறைந்து பதமாகப் புளித்திருக்கும். உச்சிப்பொழுதுக்குள் சாப்பிட்டு முடித்துவிடுவோம், மிச்சத்தைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை.