கேரவன் பயணத்துக்கு ஜி.பி.எஸ். கருவி வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியில் கேரவன் என்றால், சினிமாப் படப்பிடிப்புக்கு வந்து நிற்கும் நீண்ட வண்டிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் குடும்பத்தோடு தங்கிச் சமைத்து உறங்கும்படி வேனை மாற்றியமைத்துக்கொண்டு, நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களையும் வழிபட்டு, அப்படியே இராமேசுவரம் வரை போய்வருவோரும் இப்போது நம் சாலைகளில் தென்படுகிறார்கள். வழிகாட்டும் கருவி எதை வாங்கலாம் என்று அவர்கள் கேட்கும்போதெல்லாம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். விலையையும் திரையின் அளவையும் பார்ப்பதற்கு முன், அந்தக் கருவிக்குள் இருக்கும் வரைபடம் நாம் போகப்போகிற சாலையை அறிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதைக் கேளாமல் விடுவதால்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன.

தவறு பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. உதிரிபாகக் கடையில் போய் "ஜி.பி.எஸ். வேண்டும்" என்று கேட்டால், வண்டி எங்கே நிற்கிறது என்பதை உரிமையாளரின் போனுக்கு அனுப்பும் டிராக்கரைத்தான் பல இடங்களில் எடுத்து வைப்பார்கள். 2019 ஜனவரி 1 முதல் புதிதாகப் பதிவாகும் பொதுப் பயணிகள் வாகனங்களுக்கு ஏ.ஐ.எஸ். 140 என்ற வாகனத் துறைத் தரத்திலான டிராக்கர் விதிக்கப்பட்டதிலிருந்து அந்தச் சொல்லுக்கு அதுவே வழக்கமான பொருளாகிவிட்டது. டிராக்கர் ஓட்டுநருக்கு வழி சொல்லாது. அதில் திரையும் இல்லை, வரைபடமும் இல்லை. ஆகையால் கடையில் "வழி காட்டும் கருவி" என்று தெளிவாகச் சொல்லிக் கேட்பது நல்லது.

அடுத்த தவறு செட்டிநாட்டுக்கே உரியது என்று சொல்லலாம். இங்கே பல வீடுகளில் பிள்ளைகள் சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருக்கிறார்கள். ஊருக்கு வரும்போது அப்பச்சி கேட்டார் என்பதற்காக, கேரவனுக்கென்றே தயாரான கருவி ஒன்றை அங்கிருந்து வாங்கி வருகிறார்கள். கார்மின் போன்ற நிறுவனங்கள் அத்தகைய கருவிகளைத் தனி வரிசையாகவே விற்கின்றன. வண்டியின் உயரம், அகலம், நீளம், எடை ஆகியவற்றை அதில் பதிவுசெய்துவிட்டால், தாழ்வான பாலங்களையும் எடைக் கட்டுப்பாடு உள்ள சாலைகளையும் விலக்கி வழி சொல்லும். சமையல் எரிவாயு சிலிண்டர் ஏற்றிய வண்டிகளை அனுமதிக்காத சுரங்கச் சாலைகள் அமெரிக்காவில் உண்டு என்பதால், அதையும் கேட்டு வைத்துக்கொள்ளும் கருவிகள் இருக்கின்றன. ஆனால் இந்தத் திறமை கருவியுடையது அன்று; வரைபடத்தில் பாலத்துக்குப் பாலம் உயரத்தைக் குறித்துவைத்தவர்களுடையது. வட அமெரிக்க வரைபடம் மட்டும் ஏற்றப்பட்ட கருவியை இங்கே கொண்டுவந்தால் அது கானாடுகாத்தானைக் காட்டாது. இந்திய வரைபடத்தைத் தனியாக வாங்கி ஏற்ற முடிந்தாலும், நம் ஊர் நுழைவு வளைவின் உயரமும் ரயில்வே சுரங்கப்பாதையின் குறுக்குக் கம்பி உயரமும் அதில் இருக்கும் என்று நம்பி வண்டியை விடக் கூடாது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வேனின் உயரத்தைச் சரியாகப் பதிவுசெய்துவிட்டோம் என்ற நிம்மதியில் ஓர் ஊரின் அலங்கார வளைவை நெருங்கியபோது, கருவி நேராகப் போகச் சொன்னது; எதிரே வந்த பெரியவர் ஒருவர் கையை உயர்த்தி நிறுத்தினார். இறங்கிப் பார்த்தால், கூரையில் பிறகு பொருத்திய ஏ.சி. பெட்டிக்கும் வளைவுக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. வாங்கும்போது காகிதத்தில் இருந்த உயரத்தைப் பதிவுசெய்தோமே தவிர, ஏ.சி.யும் கேரியரும் ஏறிய பிறகு அளக்கவே இல்லை. எல்லாவற்றையும் பொருத்தி முடித்த பின், சமதளத்தில் வண்டியை நிறுத்தி, மிக உயரமான முனையிலிருந்து அளப்பதே முறை. அளவை அடியில் பதிவுசெய்வதில் இன்னொரு பிழையும் நேர்கிறது: 10.5 அடி என்பது 10 அடி 6 அங்குலம், 10 அடி 5 அங்குலம் அன்று. நம் சாலைகளில் உயரத் தடைப் பலகைகள் மீட்டரில் இருப்பதால், கருவியையும் மீட்டருக்கு மாற்றிவைத்து, அந்த எண்ணைப் பெரிதாக எழுதி ஓட்டுநரின் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவைப்பது உத்தமம்.

அப்படியானால் போனில் உள்ள கூகுள் மேப் போதாதா என்று கேட்பார்கள். தமிழிலேயே வழி சொல்வதும் நெரிசலை உடனுக்குடன் காட்டுவதும் அதன் பலம்; வண்டியின் உயரத்தைச் சொல்ல அதில் இடமில்லை என்பது அதன் குறை. காருக்குப் பொருத்தமான குறுக்குவழியையே அது நம் வேனுக்கும் சொல்லும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் இயங்கும் ஆஸ்மாண்ட் செயலியில் வண்டியின் அளவுகளைப் பதிவுசெய்யலாம். அந்த வரைபடத்தில் ஒரு பாலத்தின் உயரத்தை யார் வேண்டுமானாலும் அளந்து சேர்க்க முடியும் என்பதால், நம் பகுதியின் வளைவுகளையும் சுரங்கப்பாதைகளையும் நாமே ஏற்றிவிட்டால் பின்னால் வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் அது பயன்படும். இதில் எனக்கு மிகுந்த ஆர்வம் உண்டு. வாய்ப்புள்ளவர்கள் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

போன் சிக்னல் இல்லாத இடத்தில் ஜி.பி.எஸ். வேலை செய்யாது என்பது தவறான எண்ணம். செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து நேரத்தையும் தம் இருப்பிடத்தையும் அறிவித்தபடி சுற்றுகின்றன. குறைந்தது நான்கின் அறிவிப்பைக் கேட்டால் கருவி தன் இடத்தைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும். இதற்கு இணையம் தேவையில்லை. போனில் நின்றுபோவது வரைபடம்தான். முன்கூட்டியே பதிவிறக்கி வைத்தால் அதுவும் நிற்காது. நெட்வொர்க் இல்லாதபோது முதல் முறை இடத்தைப் பிடிக்கச் சற்று நேரமாகும். எல்லாச் செயற்கைக்கோள்களின் பட்டியலையும் வானிலிருந்தே முழுமையாக வாங்க 12.5 நிமிடம் வேண்டும். ஆகவே வெகுநாள் அணைந்து கிடந்த கருவி உடனே இடம் காட்டவில்லை என்று பழுதாகக் கருதித் திருப்பிக் கொடுத்துவிடக் கூடாது. திறந்த வானத்தின் கீழ் சிறிது நேரம் வைத்துப் பார்க்க வேண்டும். ரஷ்யாவின் கிளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, நம் நாவிக் என்று ஜி.பி.எஸ். போன்ற வேறு செயற்கைக்கோள் முறைகளின் பெயர்கள் எத்தனை அட்டையில் இருந்தாலும் அதற்காகக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை. திறந்த வெளியில் சாதாரண போனே ஏறக்குறைய 5 மீட்டருக்குள் இடம் காட்டிவிடுகிறது.

இடத்தைத் தேடும் திறன் அதைவிட முக்கியம், ஏனெனில் நம் ஊர்ப் பெயர்கள் கருவியை எளிதில் ஏமாற்றிவிடும். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூரும், 2019 நவம்பரில் தனி மாவட்டத் தலைநகரான வடக்கத்தித் திருப்பத்தூரும் எழுத்தில் ஒன்றே. இரண்டுக்கும் இடையே 200 கிலோமீட்டருக்கும் மேல். மாத்தூர் என்று தேடினாலும் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்கள் வரும். ஆங்கில எழுத்தில் காரைக்குடிக்கும் திருமயத்துக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துமுறை இருப்பதால், சரியான எழுத்தைத் தட்டாவிட்டால் ஊரே இல்லை என்று சொல்லும் கருவிகளும் உண்டு. போதாக்குறைக்கு, செட்டிநாட்டு வீடுகள் முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் மறு தெருவிலுமாக நீண்டிருப்பவை. கருவி பின்வாசல் தெருவில் கொண்டுபோய் நிறுத்திவிட்டால், நீண்ட வேனைத் திருப்பி முன்வாசலுக்குக் கொண்டுவருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை நேரடியாக ஏற்கும் கருவியை வாங்கினால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும். எண்ணின் வடிவத்தில் மட்டும் கவனம் வேண்டும்: 10.07 பாகை என்பதை 10 பாகை 7 நிமிடம் என்று பதிவுசெய்தால் 5 கிலோமீட்டர் வடக்கே போய் நிற்போம். கடையிலேயே பிள்ளையார்பட்டி, ஆத்தங்குடி, இலுப்பைக்குடி என்று நான்கைந்து ஊர்களைத் தேடிப் பார்ப்பது கருவியை எடைபோட எளிய வழி. ஒன்றிரண்டு தப்பினாலும் அந்தக் கருவியை நான் வாங்க மாட்டேன்.

பழைய கருவி மலிவாகக் கிடைக்கிறது என்று எடுப்போர், 2019 ஏப்ரல் 6-ஐ நினைவில் கொள்ள வேண்டும். ஜி.பி.எஸ். முறையில் 1,024 வாரங்கள் முடிந்ததும் வார எண் மீண்டும் சுழியிலிருந்து தொடங்கும். அந்நாளில் அது நிகழ்ந்தபோது, திருத்தப்படாத பழைய கருவிகளில் தேதி பல ஆண்டுகள் பின்னே போய்விட்டது. தேதி சரியாக வருகிறதா, வரைபடம் எந்த ஆண்டுடையது என்ற இரண்டையும் பார்த்தபிறகே பணம் கொடுக்க வேண்டும். புதிய கருவியில் "வாழ்நாள் முழுவதும் வரைபடப் புதுப்பிப்பு" என்று எழுதியிருந்தால், அது கருவியின் வாழ்நாளைக் குறிக்கிறது. அது எத்தனை ஆண்டு என்பதை நிறுவனம்தான் தீர்மானிக்கும்.

செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் வசதி கொண்ட கருவிகளை வெளிநாட்டிலிருந்து அனுப்பச் சொல்லவே கூடாது. அரசின் தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் அவற்றை இந்தியாவில் வைத்திருப்பதே குற்றமாகும். விமான நிலையத்திலேயே பிடிபட்டுத் துன்பப்பட்டவர்கள் உண்டு.

பொருத்துவதிலும் கவனம் தேவை. சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டியின் டாஷ்போர்டில் கருவியை விட்டுச் செல்வதால் லித்தியம் பேட்டரி உப்பி வீணாகிறது. 45 பாகை செல்சியசுக்கு மேல் அதைச் சார்ஜ் செய்யவே கூடாது. வேன்களில் மின்சாரம் பொதுவாக 12 வோல்ட், பெரிய பேருந்துகளில் 24 வோல்ட். பேருந்தைக் கேரவனாக்கியவர்கள் கருவியின் சார்ஜர் 24 வோல்ட்டைத் தாங்குமா என்று அதன் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்த பிறகே செருக வேண்டும். 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, ஓட்டும்போது கைபேசியை வழி பார்ப்பதற்கு மட்டும், அதுவும் கவனம் சிதறாத வகையில் பயன்படுத்தலாம். ஆகையால் எதுவாயினும் கண்ணாடியின் ஓரத்தில், சாலையை மறைக்காத உயரத்தில், ஓட்டுநரின் கைக்கு எட்டும்படி உறுதியாகப் பொருத்தி, வழியைப் புறப்படும் முன்பே பதிவுசெய்துவிட வேண்டும். நடுவில் மாற்ற நேர்ந்தால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தியபின் மாற்றலாம், அல்லது பக்கத்தில் அமர்ந்திருப்பவர் பார்த்துக்கொள்ளலாம்.