ஆங்கில இலக்கிய மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்: பாதியில் நின்ற ஒரு மேற்கோள்

கல்லூரி ஆண்டு மலருக்கு வரும் ஆங்கிலக் கவிதைகளைத் தேர்ந்தெடுக்கும் வேலை சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. இம்முறை கவிதை கொடுத்த இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவரிடம், மூன்றாம் வரியில் ஒரு சொல்லை மட்டும் மாற்றிப் பார்க்கலாமே என்றேன். "வேண்டாம் மேடம், அது தானா வந்தது. மாத்தினா உயிர் போயிடும்" என்றார். இளங்கலை படித்த காலத்தில் என் பேராசிரியரிடம் ஏறக்குறைய இதே சொற்களை நானும் சொல்லியிருக்கிறேன். அவர் வாதாடவில்லை, தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், கவிதை மலரில் வரவில்லை, நான் ஒரு மாதம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கைடை மட்டும் படித்துத் தேர்வு எழுதாதீர்கள், இணையத்தில் கிடைப்பதை அப்படியே ஒட்டாதீர்கள் என்பவற்றையெல்லாம் உங்களுக்குச் சொல்ல ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள். நான் செய்து பட்ட தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

திருத்துவதைத் துரோகமாக நினைப்பது

ஆங்கில இலக்கியம் படித்த எவரையும் தூக்கத்தில் எழுப்பிக் கவிதை என்றால் என்ன என்று கேட்டால், வலிமையான உணர்ச்சிகள் தாமாகப் பொங்கி வழிவதே கவிதை என்று ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் வரியைச் சொல்வார். 'லிரிக்கல் பாலட்ஸ்' தொகுப்பின் 1800ஆம் ஆண்டுப் பதிப்புக்கு அவர் எழுதிய முன்னுரையில் உள்ள வரி அது. நோட்ஸில் அடிக்கோடிட்டிருக்கும், தேர்வில் தவறாமல் மதிப்பெண் தரும். இந்த ஒரு வரியை நம்பித்தான் மூன்று ஆண்டுகள் எழுதிய எதையும் இரண்டாம் முறை தொடாமல் இருந்தேன். பொங்கியதைத் திருத்துவது பொய் சொல்வதற்குச் சமம் என்று விடுதி அறையில் பிரசங்கம் வேறு செய்தேன்.

முதுகலையும் முடித்து, அந்த முன்னுரையை முதன்முதலாகப் பாடம் நடத்த வேண்டி வந்தபோதுதான், நூலகத்திலிருந்து முழுப் பாடத்தையும் எடுத்துப் படித்தேன். அந்த வாக்கியம் அங்கே முடியவில்லை. இது உண்மைதான் என்றாலும், மதிப்புள்ள கவிதைகளை எழுதியவர்கள் நுண்ணுணர்வு மிகுந்தவர்களாக இருந்ததோடு, நீண்ட காலம் ஆழ்ந்து சிந்தித்தவர்களாகவும் இருந்தார்கள் என்று அதே மூச்சில் அவர் தொடர்கிறார். சில பக்கங்கள் கழித்து, அமைதியில் மீண்டும் நினைத்துப் பார்க்கப்பட்ட உணர்ச்சியிலிருந்தே கவிதை பிறக்கிறது என்றும் சொல்கிறார். இரண்டு பட்டங்கள் வாங்கியும் ஒரு நிறுத்தற்குறியைத் தாண்டி நான் படித்திருக்கவில்லை. அந்த எரிச்சல் இன்னும் எனக்குத் தீரவில்லை.

அவருடைய செயலும் இதற்குச் சான்று. டேஃபடில் மலர்களைப் பற்றிய கவிதையைப் படிக்காத மாணவர் நம் ஊரில் இருக்க முடியாது. மேகம்போலத் தனியே அலைந்தவர் மலர்களைக் கண்டார், உடனே கவிதை பொங்கியது என்றே எல்லோரும் விடைத்தாளில் எழுதுகிறோம். அவர் 1802 ஏப்ரல் 15 அன்று அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் தனியாக நடக்கவில்லை. தங்கை டோரதி உடனிருந்தார், அந்த மலர்களைப் பற்றித் தம் நாட்குறிப்பில் விரிவாக எழுதியும் வைத்தார். கவிதை அச்சானது 1807இல். இன்று நாம் மனப்பாடம் செய்யும் வடிவம் 1815இல்தான் வந்தது. அகக்கண்ணைப் பற்றிய புகழ்பெற்ற இரண்டு வரிகளைத் தந்தவர் அவருடைய மனைவி மேரி. தானாகப் பொங்கியதாக நாம் நம்பும் கவிதைக்கு மூன்று பேரும் பதின்மூன்று ஆண்டுகளும் தேவைப்பட்டிருக்கின்றன.

1807 வடிவத்தில் மலர்கள் 'பொன்னிற' மலர்கள் அல்ல, 'ஆடும்' மலர்கள். அதே பத்தியில் இரண்டு வரிகள் தள்ளி மீண்டும் 'ஆடும்' வருகிறது. கவிதையின் கடைசி வரியில் கவிஞரின் நெஞ்சம் மலர்களோடு ஆட வேண்டும். அதற்குள் தொடக்கத்திலேயே அந்தச் சொல்லை இருமுறை செலவழித்துவிட்டால் முடிவுக்கு என்ன மிஞ்சும்? 1815இல் ஒன்றை எடுத்துவிட்டு நிறத்தை வைத்தார். ஒரு புதிய பத்தியையும் சேர்த்தார். எல்லாத் திருத்தமும் மேலானது என்று நான் சொல்ல வரவில்லை. 'சிரிக்கும்' கூட்டம் என்றிருந்ததை அவர் 'ஜாக்கண்ட்' (களிப்பான) என்ற சற்றே புத்தக வாடை வீசும் சொல்லாக மாற்றியது எனக்கு இன்றும் பிடிக்கவில்லை.

இரண்டு வடிவங்களையும் எதிரெதிர்ப் பக்கங்களில் கையால் எழுதிப் பாருங்கள். இலக்கியத் தாளுக்கும் படைப்பெழுத்துத் தாளுக்கும் சேர்த்து இதைவிடப் பயனுள்ள ஒரு மணி நேரத்தை நான் அறியேன். பிடித்திருந்தால் அடுத்து முதல் உலகப் போர்க் கவிஞர் வில்ஃபிரட் ஓவனுக்குச் செல்லுங்கள். 1917இல் கிரெய்க்லாக்கார்ட் ராணுவ மருத்துவமனையில் அவர் எழுதிய கவிதையின் தலைப்பில் 'இறந்த' இளைஞர்கள் என்றிருந்ததை, 'சாவு விதிக்கப்பட்ட' இளைஞர்கள் என்று மாற்றச் சொன்னவர் அங்கே சிகிச்சையிலிருந்த இன்னொரு கவிஞர் சிக்ஃபிரிட் சசூன். இறந்தவர்களுக்கு இரங்கல் பாடுவது வழக்கம். இன்னும் உயிரோடு பதுங்குகுழியில் நிற்பவர்களுக்கு இரங்கல் பாடுவது வேறொரு கவிதை.

அத்தையை 'ஆன்ட்' ஆக்குவது

அப்பாவின் சகோதரி, தாய்மாமன் மனைவி, மாமியார் ஆகிய மூவரும் மாணவர்களின் ஆங்கிலக் கதைகளில் ஒரே 'ஆன்ட்' ஆகிவிடுகிறார்கள். அத்தை மகனைக் கட்டிக்கொள்ள மறுக்கும் பெண்ணைப் பற்றிய ஒரு நல்ல கதை இதனாலேயே பாழானதைப் பார்த்திருக்கிறேன். யாருக்கு யார் என்ன முறை என்று தெரியாதபோது, அவள் எதை மறுக்கிறாள் என்பதும் தெரியாமல் போயிற்று. எதிர்ப்பக்கத்துத் தவறும் உண்டு: தமிழ்ச் சொற்களை வாரி இறைத்து, ஒவ்வொன்றின் பின்னாலும் சுற்றுலா வழிகாட்டியைப்போல விளக்கம் கொடுப்பது. தம்முடையதல்லாத மொழியில் தம்முடைய உயிரோட்டத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது என்று ஆங்கிலத்தில் எழுதிய இந்திய நாவலாசிரியர் ராஜா ராவ் 'காந்தபுரா' நாவலின் முன்னுரையில் 1938இலேயே எழுதிவிட்டார். அந்த முன்னுரை மிகச் சிறியது; நாவலுக்கு நேரமில்லாதவர்கள் அதையாவது முழுதாகப் படிக்கலாம். பாதியில் நிறுத்த வேண்டாம்.

ஆங்கில யாப்பைக் கண்ணால் அலகிடுவது

பள்ளியில் நேர், நிரை என்று பிரித்த கை, ஆங்கில வரியையும் அப்படியே வெட்டப் பார்க்கிறது. நம் அசை குறில், நெடில், ஒற்றைக் கொண்டு அமைவதால் தாளைப் பார்த்தே பிரித்துவிட முடியும். ஆங்கில யாப்போ அழுத்தத்தைப் பொறுத்தது. 'ரெக்கார்ட்' என்ற சொல் பெயராக வந்தால் முன்னசையிலும் வினையாக வந்தால் பின்னசையிலும் அழுத்தம் விழும், எழுத்தில் இரண்டும் ஒன்றே. வாய்விட்டுப் படிக்காமல் பென்டாமீட்டர் என்னும் ஐந்து சீர் வரி பிடிபடாது.

சொல்லின் வயதைப் பார்க்காமல் இருப்பது

அதே டேஃபடில் கவிதையில் வரும் 'கே' என்ற சொல்லுக்கு, இன்றைய தன்பாலீர்ப்புப் பொருள் அல்ல, மகிழ்ச்சியானவன் என்று மட்டுமே பொருள். வகுப்பில் சிரிப்பதற்கு முன் அகராதியைப் பாருங்கள்.

போட்டிக்கு முந்தின இரவில் எழுதுவது

வேண்டாம்.

பழைய வரைவைக் கிழித்துப் போடுவது

கவிஞர் டி.எஸ். எலியட் 'தி வேஸ்ட் லாண்ட்' கவிதையின் வரைவுகளை 1922இல் நியூயார்க் வழக்கறிஞர் ஜான் க்வினுக்கு அனுப்பி வைத்தார். தொலைந்துவிட்டன என்றே பிறகு பல காலம் எண்ணப்பட்ட அவை நியூயார்க் பொது நூலகத்தில் இருப்பது 1968இல் தெரியவந்தது. 1971இல் நூலாகவும் வெளிவந்தன. வரைவைத் திருத்திக் கொடுத்த நண்பரும் கவிஞருமான எஸ்ரா பவுண்ட் எந்தெந்தப் பகுதிகளை அடித்தார், பக்க ஓரத்தில் என்ன எழுதினார் என்பதை இன்று முதலாண்டு மாணவரும் பார்க்க முடிவது அந்தத் தாள்களை யாரும் கிழிக்காததால்தான். என் கல்லூரிக் கவிதைகளில் அச்சான வடிவங்கள் மட்டுமே என்னிடம் எஞ்சியுள்ளன. எழுதிய அன்றே நல்ல தாளில் படியெடுத்துவிட்டு நோட்டைத் தூக்கி எறிவது அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த மாணவி சென்ற வாரம் மீண்டும் வந்தார். நான் சொன்ன மூன்றாம் வரியை மாற்றவில்லை. ஏழாம் வரியை மாற்றியிருந்தார், அது நன்றாகவே இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், பழைய தாளை எடுங்கள் என்றேன். கிழித்துவிட்டதாகச் சொன்னார்.