வீட்டுக் கணினிக்கு வைஃபை அச்சுப்பொறி: மின்சாரம் போய் வந்த பின்னும் இணைந்திருக்கச் செய்யும் முறை

கடந்தகால வினாத்தாள்களையும் விண்ணப்பப் படிவங்களையும் அச்சிடுவதற்கு ஒவ்வொரு முறையும் கொமியூனிகேஷன் கடைக்குச் செல்ல வேண்டியிருந்த வீடுகளில், இப்போது வைஃபை வசதியுள்ள அச்சுப்பொறிகள் இடம்பிடித்து வருகின்றன. அவற்றை முதல் நாளில் கணினியோடு இணைப்பது பெரிய காரியமல்ல. பெட்டியோடு வரும் தாளைப் பார்த்தே பலர் அதைச் செய்துவிடுகிறார்கள். மின்சாரம் ஒரு தடவை நின்று திரும்பிய பிறகு, அதே அச்சுப்பொறியைக் கணினி 'ஓஃப்லைன்' என்று காட்டத் தொடங்கும்போதுதான் சிக்கல் வருகிறது. மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் மழைகாலத்தில் மின்சாரம் அடிக்கடி போய் வருவதால், இணைக்கும் முறையோடு அந்த இணைப்பு நிலைத்திருக்கும் முறையையும் சேர்த்தே இங்கு விளக்குகிறேன்.

முதலில் அடிப்படை. வழமையான வைஃபை இணைப்பில் கணினியும் அச்சுப்பொறியும் நேரடியாக ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. இரண்டும் ரவுட்டர் வழியாகவே பேசுகின்றன. ஆகவே இரண்டும் ஒரே ரவுட்டரின் ஒரே வலையமைப்பில் இருக்க வேண்டும் என்பதே முழு வேலைக்கும் உரிய விதி. இங்கே பலருக்கு உள்ள ஓர் ஐயத்தையும் தீர்த்துவிட வேண்டும்: கணினியில் உள்ள கோப்பை வீட்டு வைஃபை மூலம் அச்சிடும்போது டேட்டா செலவாவதில்லை. கோப்பு வீட்டுக்குள்ளேயே ரவுட்டர் வழியாகச் சென்றுவிடுகிறது. மாதப் பொதி முடிந்துபோனாலும், ரவுட்டருக்கு மின்சாரம் இருக்கும்வரை அச்சிடலாம். மென்பொருளைத் தரவிறக்கும்போது மட்டும் இணையம் தேவை. முழுமையான தொகுப்பு நூறு மெகாபைட்டையும் தாண்டக்கூடும் என்பதால் அதற்குரிய டேட்டாவை வைத்துக்கொண்டு தொடங்குங்கள். 'எச்பி பிளஸ்' திட்டத்தில் சேர்க்கப்பட்ட அச்சுப்பொறிகள் இதற்கு விதிவிலக்கு. அவற்றுக்கு இணைய இணைப்பு எப்போதும் இருக்க வேண்டும், மையும் எச்பியின் அசல் மையாகவே இருக்க வேண்டும். டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவிடும் வீடுகள், அமைக்கும் நேரத்தில் கேட்கப்படும் அந்தத் திட்டத்தை ஏற்காமல் விடுவதே நல்லது என்பது என் கருத்து.

இன்னும் வாங்காதவர்களுக்கு ஒரு சொல். ஒரே தோற்றத்தில் இரண்டு மாதிரிகள் கடையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்றில் வைஃபை இருக்கும், மற்றதில் இருக்காது. எப்சன் எல்3250 வைஃபை உள்ளது, எல்3210 யுஎஸ்பி வயரில் மட்டுமே இயங்குவது. கெனன் ஜி3010 வைஃபை உள்ளது, ஜி2010 அப்படியல்ல. விலை குறைவாக இருப்பதைப் பார்த்து எடுத்துவிட்டு, பிறகு வைஃபை அடையாளத்தைத் தேடுவதில் பயனில்லை. பெட்டியின் மேல் உள்ள மாதிரி எண்ணைப் பார்த்தே பணத்தைக் கொடுங்கள்.

வைக்கும் இடம்

4ஜி ரவுட்டர் பாவிக்கும் வீடுகளில், வெளிச் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் யன்னலோரத்தில்தான் ரவுட்டர் இருக்கும். அச்சுப்பொறியோ உள் அறையில் பிள்ளைகளின் மேசையில் இருக்கும். இடையில் உள்ள கல்லுச் சுவர் ஒவ்வொன்றும் வைஃபையின் பலத்தைக் குறைக்கும். கைத்தொலைபேசியை அச்சுப்பொறி இருக்கப்போகும் இடத்தில் வைத்து, அங்கே வைஃபைக் கோடுகள் போதிய அளவு தெரிகின்றனவா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். கல்லடி, திருக்கோவில் போன்ற கடலை அண்டிய இடங்களில் உப்புக் காற்று நேரே அடிக்கும் யன்னலுக்குக் கீழே அச்சுப்பொறியை வைக்கக்கூடாது. ஈரத்தை இழுத்த தாள் ஓரத்தில் சுருண்டு உள்ளே சிக்கிக்கொள்ளும். ஆகவே பயன்படுத்தாத தாள்களை அவை வந்த உறைக்குள்ளேயே மூடி வையுங்கள்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, மைத்தாங்கியுள்ள அச்சுப்பொறியை அதன் சொந்தப் பொத்தானால்தான் நிறுத்த வேண்டும். அப்படி நிறுத்தும்போதுதான் மை தெளிக்கும் தலைப்பகுதி தனக்குரிய மூலைக்குச் சென்று மூடிக்கொள்கிறது. சுவரில் உள்ள சுவிட்சை நேரடியாக அணைத்தால் தலைப்பகுதி திறந்தபடியே நின்று மை உலரும். கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் இது இன்னும் விரைவாக நடக்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இடிமுழக்கம் தொடங்கினால், பொத்தானால் நிறுத்திய பிறகு பிளக்கையும் கழற்றிவிடுங்கள். ரவுட்டருக்குத் தொலைபேசி வயர் வந்தால் அதையும் கழற்ற வேண்டும்.

ரவுட்டரோடு இணைத்தல்

இன்றைய ரவுட்டர்களில் பல, 2.4 கிகாஹேர்ட்ஸ், 5 கிகாஹேர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் வைஃபையை வெளியிடுகின்றன. வீட்டுக்கான அச்சுப்பொறிகளில் பெரும்பாலானவை 2.4ஐ மட்டுமே அறியும். ரவுட்டரில் இரண்டுக்கும் வெவ்வேறு பெயர் இருந்தால், 2.4க்குரிய பெயரையே அச்சுப்பொறியில் தெரிவுசெய்யுங்கள். கணினி 5இல் இருந்தாலும் பெரும்பாலும் கேடில்லை. இரண்டும் ஒரே ரவுட்டரின் கீழ் உள்ளவை. ஒரே பெயரில் இரண்டும் வந்து அமைப்பு வேலை பாதியில் நின்றுவிட்டால், உலாவியில் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து (திறக்கும் முறை கீழே 'முகவரியை நிலைப்படுத்துதல்' பகுதியில் உள்ளது) 5ஐச் சற்று நேரம் நிறுத்திவைத்து, அச்சுப்பொறி இணைந்த பிறகு மீண்டும் இயக்குங்கள். விருந்தினர் வலையமைப்பில் அச்சுப்பொறியைச் சேர்க்க வேண்டாம். அதில் உள்ள சாதனங்கள் ஒன்றையொன்று காணாதபடி ரவுட்டர் தடுத்து வைத்திருக்கும்.

அச்சுப்பொறியில் சிறு திரை இருந்தால் வேலை எளிது. வலையமைப்புப் பகுதிக்குச் சென்று உங்கள் வைஃபைப் பெயரைத் தெரிவுசெய்து கடவுச்சொல்லை இட வேண்டியதுதான். ரவுட்டரின் அடியில் ஒட்டப்பட்டிருக்கும் சிறு தாளில் கடவுச்சொல் இருக்கும்; அதில் சுழியமும் ஆங்கில 'ஓ'வும், ஒன்றும் ஆங்கிலச் சிறிய 'எல்'லும் ஒரே மாதிரித் தெரிவதால், தொலைபேசியால் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்து இடுங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடும் முக்கியம்.

திரை இல்லாத பொறிகளுக்கு இரண்டு வழிகள் உண்டு. ரவுட்டரில் கடவுச்சொல் இடாமலே இணைக்க உதவும் 'டபிள்யூபிஎஸ்' பொத்தான் இருந்தால், அச்சுப்பொறியின் வைஃபைப் பொத்தானைக் கையேட்டில் சொன்னபடி விளக்கு மினுங்கும்வரை அழுத்திப் பிடித்து, பின்னர் இரண்டு நிமிடங்களுக்குள் ரவுட்டரின் பொத்தானையும் அழுத்துங்கள். அந்த இரண்டு நிமிடம் கடந்தால் மீண்டும் தொடங்க வேண்டும். மினுங்கல் நின்று விளக்கு நிலையாக எரிந்தால் இணைந்துவிட்டது. பொத்தான் இல்லாத ரவுட்டராக இருந்தால், நிறுவனத்தின் செயலியைத் தொலைபேசியில் இறக்கி அதன் வழியாக இணைக்கலாம்; அப்போது தொலைபேசியில் புளூடூத்தும் இருப்பிட வசதியும் இயங்க வேண்டும், தொலைபேசியும் அதே வைஃபையில் இருக்க வேண்டும்.

ரவுட்டரே இல்லாமல் தொலைபேசியின் ஹொட்ஸ்பொட்டில் வாழும் வீடுகளும் நம் பகுதியில் நிறைய உண்டு. அச்சுப்பொறியை ஹொட்ஸ்பொட்டோடு இணைக்கலாம். ஆனால் அந்தத் தொலைபேசியோடு தந்தை வேலைக்குப் புறப்பட்டால் வலையமைப்பும் வீட்டை விட்டுப் போய்விடும். இப்படிப்பட்ட வீடுகளுக்கு என் பரிந்துரை, பழைய ரவுட்டர் ஒன்றை சிம் இல்லாமலே இயக்கி வைப்பதுதான். இணையம் இல்லாவிட்டாலும் அது ஒரு வலையமைப்பை உண்டாக்கும், அச்சிட அது போதும். அதுவும் இல்லையென்றால் 'வைஃபை டிரெக்ட்' வழியாகக் கணினியை அச்சுப்பொறியோடு நேரே இணைக்கலாம். ஆனால் அச்சிடும் நேரத்தில் கணினியில் இணையம் துண்டிக்கப்படக்கூடும்.

கணினியில் சேர்த்தல்

விண்டோஸ் 11இல் செட்டிங்ஸைத் திறந்து, 'புளூடூத் அண்ட் டிவைசஸ்' என்பதன் கீழ் 'பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்' பகுதிக்குச் சென்று 'ஆட் டிவைஸ்' என்பதை அழுத்துங்கள். விண்டோஸ் 10இல் இதே பகுதி 'டிவைசஸ்' என்பதன் கீழ் இருக்கும். சற்றுப் பொறுத்தால் அச்சுப்பொறியின் பெயர் தோன்றும். பக்கத்தில் உள்ள பொத்தானை அழுத்தியதும் தேவையான மென்பொருளை விண்டோஸ் பெரும்பாலும் தானே ஏற்பாடு செய்துகொள்ளும். மெக் கணினியில் 'சிஸ்டம் செட்டிங்ஸ்' வழியாக இதே பெயருடைய பகுதிக்குச் செல்ல வேண்டும். ஆப்பிளின் ஏர்பிரிண்ட் வசதி உள்ள பொறிகளுக்கு அங்கே தனி மென்பொருள் எதுவும் தேவைப்படாது.

ஸ்கான் செய்யவும் மை அளவைப் பார்க்கவும் நிறுவனத்தின் முழு மென்பொருளை இறக்க விரும்புவோர், பெட்டியிலோ கையேட்டிலோ அச்சிடப்பட்டுள்ள இணைய முகவரியை அப்படியே தட்டச்சு செய்து செல்ல வேண்டும். தேடுபொறியில் தேடினால், நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய போலித் தளங்கள் விளம்பரமாக மேலே வந்து, உதவி எண் ஒன்றைத் தந்து பணம் கேட்கும். அச்சுப்பொறியின் மென்பொருள் இலவசம். அதற்கு எவருக்கும் பணம் கொடுக்கத் தேவையில்லை.

முகவரியை நிலைப்படுத்துதல்

இதுவே இந்த வழிகாட்டியில் நீங்கள் தவறவிடக்கூடாத பகுதி. வலையமைப்பில் சேரும் ஒவ்வொரு சாதனத்துக்கும் ரவுட்டர் 192.168.8.105 என்பது போன்ற ஓர் ஐபி முகவரியைத் தற்காலிகமாகக் கொடுக்கிறது. மின்சாரம் நின்று வந்ததும் முதலில் எழும் தொலைபேசிக்கோ தொலைக்காட்சிக்கோ அந்த எண் போய்விட, அச்சுப்பொறிக்கு வேறொரு எண் கிடைக்கலாம். கணினியோ பழைய எண்ணையே தட்டிக்கொண்டிருக்கும். வீடு மாறியவரைப் பழைய முகவரியில் தேடுவது போன்ற நிலை இது. அச்சுப்பொறியும் கெடவில்லை, கணினியும் கெடவில்லை. ஆனாலும் தாள் வராது.

இதற்கு அச்சுப்பொறியின் எண்ணை மாறாமல் செய்ய வேண்டும். முதலில் அச்சுப்பொறியிலிருந்து வலையமைப்பு நிலைத் தாளை அச்சிட்டு எடுங்கள். எந்தப் பொத்தானால் என்பது கையேட்டில் இருக்கும். அதில் ஐபி முகவரியும், இரண்டிரண்டாகப் பிரிக்கப்பட்ட பன்னிரண்டு எழுத்தெண்களைக் கொண்ட மெக் முகவரியும் (அச்சுப்பொறியின் மாறாத அடையாள எண்; மெக் கணினியோடு தொடர்பில்லாதது) இருக்கும். பிறகு உலாவியில் ரவுட்டரின் முகவரியை இட்டு உள்ளே செல்லுங்கள், 192.168.1.1 அல்லது 192.168.8.1 போன்ற அந்த எண்ணும் ரவுட்டரின் அடியிலுள்ள தாளில் இருக்கும். அங்கே 'டிஎச்சிபி' பகுதியில் முகவரியை ஒதுக்கும் வசதியைக் கண்டு, அச்சுப்பொறியின் மெக் முகவரியையும் நீங்கள் விரும்பும் ஐபி எண்ணையும் சேர்த்துப் பதிந்துவிட்டால், ரவுட்டர் அந்த எண்ணை இனி வேறெதற்கும் கொடுக்காது.

சில 4ஜி ரவுட்டர்களில் இந்த வசதி மறைக்கப்பட்டிருக்கும். அப்போது அதே பகுதியில், ரவுட்டர் தானாகக் கொடுக்கும் எண்களின் எல்லையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அது 100 முதல் 200 வரை என்றிருந்தால், அதற்கு வெளியே 192.168.8.50 போன்ற ஓர் எண்ணை அச்சுப்பொறியிலேயே நிலையாகப் பதியலாம். அச்சுப்பொறியின் தற்போதைய ஐபி முகவரியை உலாவியில் இட்டால் அதன் சொந்த அமைப்புப் பக்கம் திறக்கும். இதை அங்கே செய்யலாம்.

எண் நிலைத்த பிறகு, கணினியில் அச்சுப்பொறியைப் பழைய பட்டியலிலிருந்து நீக்கி, மீண்டும் 'ஆட் டிவைஸ்' சென்று, தானாகத் தோன்றும் பெயரைத் தொடாமல், கையால் சேர்க்கும் வழியைத் தெரிவுசெய்து அந்த ஐபி எண்ணை இடுங்கள். அதன் பின்னர் கணினி எப்போதும் அந்த எண்ணையே நாடும். அச்சுப்பொறியும் எப்போதும் அங்கேயே இருக்கும்.

அப்படியும் அச்சாகாவிட்டால்

மின்சாரம் வந்தவுடன் அவசரப்பட வேண்டாம். ரவுட்டர் முழுமையாக எழும்பச் சில நிமிடங்கள் ஆகும். அச்சுப்பொறி அதற்கு முன்பே எழுந்து வைஃபையைத் தேடிக் களைத்திருக்கும். ரவுட்டரின் விளக்குகள் நிலையான பிறகு அச்சுப்பொறியை நிறுத்தி இயக்குங்கள். பின்னர் கணினி எந்த வைஃபையில் இருக்கிறது என்று பாருங்கள். அண்டை வீட்டு வைஃபைக்கோ தொலைபேசியின் ஹொட்ஸ்பொட்டுக்கோ அது தானாகத் தாவியிருக்கலாம். அச்சுப்பொறிப் பட்டியலில் ஒரே பெயர் இரண்டு முறை இருந்து, ஒன்றின் பின்னால் 'கொப்பி 1' என்றிருந்தால், இயங்காததை நீக்கிவிடுங்கள். முன்பு அனுப்பிய வேலை ஒன்று வரிசையில் சிக்கிப் பின்னால் வந்தவற்றையும் மறித்திருந்தால், அந்த வரிசையைத் திறந்து எல்லாவற்றையும் இரத்துச் செய்து கணினியை மீள இயக்கினால் பெரும்பாலும் தீரும்.

தமிழ்க் கோப்புகளுக்கு மட்டும் உரிய ஒரு தொல்லையும் உண்டு. பாமினி எழுத்துருவில் தட்டச்சான கடிதத்தைத் தொலைபேசியிலிருந்து அச்சிட்டால், தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகள் பொருளின்றி வரும். அது அச்சுப்பொறியின் பிழையல்ல, தொலைபேசியில் பாமினி இல்லை என்பதே காரணம். பாமினி உள்ள கணினியில் அந்தக் கோப்பை பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்பினால், எங்கிருந்து அச்சிட்டாலும் தமிழ் தமிழாகவே வரும்.

ரவுட்டரை மாற்றும் நாள் வந்தால், புதிய ரவுட்டருக்குப் பழைய வைஃபைப் பெயரையும் பழைய கடவுச்சொல்லையும் எழுத்துப் பிசகாமல் வையுங்கள். அச்சுப்பொறி தானே வந்து ஒட்டிக்கொள்ளும். ஆனால் அச்சுப்பொறியிலேயே 192.168.8.50 போன்ற நிலையான எண்ணைப் பதிந்திருந்தவர்கள், புதிய ரவுட்டர் 192.168.1 என்று தொடங்கும் எண்களைக் கொடுப்பதாக இருந்தால், ரவுட்டரை மாற்றுவதற்கு முன்பே அச்சுப்பொறியைத் தானாக எண் பெறும் நிலைக்குத் திருப்பிவிட வேண்டும்.