நில அதிர்வில் கட்டடம் எவ்வளவு அசையும்? கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2004 டிசம்பரில் சுமாத்திரா நில அதிர்வு இலங்கையின் கிழக்கில் எங்கள் கரைக்குக் கடலைத்தான் அனுப்பியது. நிலம் பெரிதாக ஆடவில்லை. அதனாலோ என்னவோ, மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் ஐந்து மாடி எழுப்பும்போதும் அதிர்வுக் கணக்கைக் கடமைக்குத்தான் போடுகிறார்கள். "ஒரு தளம் கீழ்த்தளத்தை விட 12 மில்லிமீட்டர் கூட அசையும் என்று மென்பொருள் காட்டுது, சரி" என்பதோடு கதை முடிந்துவிடுகிறது.

பெரிய தவறு அங்கேதான். அந்த 12, குறைத்த விசைக்கு வந்த அசைவு. கட்டடம் வளைந்து கொடுத்து ஆற்றலை உள்வாங்கும் என்று நம்பித்தான் கட்டட விதிநூல்கள் கணக்கில் எடுக்கும் அதிர்வு விசையைக் குறைக்க விடுகின்றன. விசை குறைந்தாலும் உண்மையான அசைவு அந்தளவு குறையாது. அமெரிக்க விதியில், நெகிழ்வுக்கென்று விசேடமாகக் கம்பி கட்டிய கொங்கிறீட் சட்டகத்துக்கு (தூணும் பீமும் சேர்ந்த கூடு) விசையை 8ஆல் வகுக்கலாம். ஆனால் வரும் அசைவை 5.5ஆல் பெருக்க வேண்டும். 12 மி.மீ. 66 ஆகிவிடும். 3 மீட்டர் உயரத் தளமொன்றுக்குச் சாதாரணக் கட்டடத்தில் எல்லை உயரத்தில் 2 சதவீதம், அதாவது 60 மி.மீ. தேறாது.

இந்திய விதியில் இந்தப் பெருக்கல் இல்லை. ஆனால் எல்லையே 0.4 சதவீதம்தான், அதே தளத்துக்கு வெறும் 12 மி.மீ. விசையை இந்திய விதியில் எடுத்து, எல்லையை அமெரிக்க விதியில் பார்த்தால் ஆபத்தான கட்டடமும் தேறிவிடும். எந்த விதிநூலைத் தொட்டாலும் கடைசிவரை அதிலேயே நில்லுங்கள்.

கொங்கிறீட்டை விரிசலே விடாத பொருளாகக் கணினி மாதிரியில் விட்டுவிடுவது அடுத்த தவறு. பீமின் விறைப்பை (வளையாமல் எதிர்க்கும் தன்மையை) 0.35 மடங்காகவும் தூணுடையதை 0.7 மடங்காகவும் குறைத்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். அசைவு ஏறக்குறைய இரட்டிக்கலாம்.

அப்புறம், கீழே கடை, மேலே வீடு. மேல்மாடிச் சுவர்கள் மாதிரியில் இல்லாவிட்டால் அசைவு எல்லாத் தளத்துக்கும் பிரிந்தது போலத் தெரியும். நிஜத்தில் சுவருள்ள மாடிகள் ஒரே கட்டியாக நிற்க, கீழ்த்தளத் தூண்கள் மட்டும் சாயும். 2001இல் குஜராத்தின் பூஜ் அதிர்வில் 200 கிலோமீட்டருக்கும் அப்பால் அகமதாபாத்தில் கீழ்த்தளம் திறந்த அடுக்குமாடிகள் இப்படித்தான் விழுந்தன. அலை புகுந்து வெளியேறட்டும் என்று கீழ்த்தளத்தைத் திறந்து விடுவது சுனாமிக்கு நல்ல யோசனை. அப்படிக் கட்டுவதென்றால் அந்தத் தளத்தின் அசைவைத் தனியாகப் பாருங்கள், தூண்களைப் பருமனாக்குங்கள்.

காத்தான்குடி போன்ற நெருக்கமான இடங்களில் பக்கத்துக் கட்டடத்துக்கு விடும் இடைவெளியையும் பெருக்கிய அசைவை வைத்தே தீர்மானியுங்கள். அந்தக் கட்டடமும் உங்கள் பக்கம் சாயும்.